மைசூரில் நான் மீன் முள் எடுத்த கதை

1

போன வாரம் சங்கரன்கோவிலிலிருந்து என் நாத்தனார் ஒரு கார்டு போட்டிருந்தாள். க்ஷேமம் விசாரித்து நாலு வரி. ஐந்தாவது வரியில் விஷயத்துக்கு வந்துவிட்டாள். "நீ அங்கே மீன் சமைக்கிறதாக இங்கே பேச்சு அடிபடுகிறது. நான் நம்பவில்லை. உடனே பதில் எழுதவும்."

நம்பலாம் மதினி, உண்மைதான். கார்டில் எழுதிக் கேட்டதால் உங்கள் தெருத் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஆகையால் நானும் ஊருக்கே பொதுவாக எழுதிவிடுகிறேன். அரைகுறையாகக் கேட்டு ஆளுக்கொரு கதை கட்டுவதைவிட முழுக்கதையையும் என் வாயாலேயே கேட்பது நல்லது.

நாங்கள் மைசூருக்கு வந்து இந்தத் தையோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு ரெயில்வே ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். ஊரிலிருந்து வருகிற கடிதங்களில் இரண்டே விஷயந்தான் இருக்கும்: தசராவுக்கு அரண்மனை விளக்கைப் பார்த்தாயா, வருகிறவர்களிடம் சந்தன சோப்பு கொடுத்தனுப்புவாயா. இத்தனை வருஷத்தில் நான் இங்கே கண்ட பெரிய அதிசயம் விளக்குமில்லை, சோப்புமில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய அதிகாரியின் பங்களாவில் வேட்டை நாய்களுக்குச் சோறாக்கிப் போடுகிற நாச்சாயி என்ற பெண்பிள்ளைதான். அவளைப்பற்றி எழுதத்தான் இவ்வளவு பீடிகை.

எங்கள் வீட்டில் நாய் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கோமதி என் ஒரே மகள், இங்கேயே பிறந்தவள், பத்து வயது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பங்களா லாயத்திலிருந்து ஒரு குட்டியைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். செம்பட்டை நிறம். கன்னடத்தில் அந்த நிறத்துக்குப் பொருத்தமாகக் கெஞ்சன் என்று அவளே பேர் வைத்தாள். அவள் அதனோடு பேசுவதும் கன்னடந்தான். "பாரோ, கூத்துக்கோ" என்றால் ஓடிவந்து உட்காரும். நான் நல்ல தமிழில் "இங்கே வா" என்றால் வழிதவறி வந்த யாரோ பேசுகிற மாதிரி என்னைப் பார்க்கும். மகளிடம் தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் வருகிறது, நாயிடம் தமிழில் சொன்னால் பதிலே வருவதில்லை. என் வீட்டில் என் பாஷைக்கு இவ்வளவுதான் மரியாதை.

2

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் கெஞ்சன் சொறிய ஆரம்பித்தது. முதலில் காது, பிறகு வயிறு, பிறகு கால் விரலிடுக்கு. கடித்துக் கடித்துத் தோல் சிவந்து, முடி உதிர்ந்து, நீர் கசிந்தது. வேப்பிலை அரைத்துப் போட்டேன், மஞ்சள் போட்டேன், கந்தகம் போட்டேன். பூசிய மருந்தையும் நக்கிவிட்டுத் திரும்பச் சொறிந்தது.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். நாங்கள் சைவர்கள், அது என்ன செய்தது? தினமும் மத்தியானம் வேலி இடுக்கில் நுழைந்து பங்களாவுக்குப் போய், நாச்சாயி போடுகிற ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டு வந்தது. கண்ட மாமிசத்தையும் தின்றால் ரத்தம் கெடாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். ஒருநாள் கோபத்தோடு நேரே அங்கே போனேன். குதிரைக்காரர்கள், தோட்டக்காரர் என்று பத்துப் பேர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரம்.

"நாச்சாயி, உன் கறியாலதான் எங்க நாய் இப்படி அழுகுது. இனிமே உன் கையால அதுக்கு ஒண்ணும் போடாதே!"

அவள் எழுந்து நின்றாள். "சரிங்கம்மா, போடலீங்க" என்றாள்.

நான் வெற்றியோடு திரும்பினேன். வேலி இடுக்கை அடைத்தேன். அன்று முதல் கெஞ்சனுக்குச் சுத்த சைவம். காலையில் பால், மத்தியானம் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சாதம், ராத்திரி தயிர்சாதம். என் பிள்ளைக்குக்கூட இவ்வளவு நெய் விட்டதில்லை. ஒரு மாதத்தில் அதன் முதுகிலும் முடி இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் அந்தக் காகிதம் வந்தது. தெருக்காரர்கள் யாரோ எங்கள் நாயின் மேல் மனுப் போட்டிருக்கிறார்கள். சர்க்கார் சேவகன் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனான். முழுக்கக் கன்னடம். என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் இங்கிலீஷ்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவர் கற்ற கன்னடம் கறிகாய் வாங்கத்தான் போதும். கோமதியைப் படிக்கச் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல உரக்கப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"என்னடி, மேலே படி" என்றார் அவர்.

அறுபது நாளுக்குள் மாட்டாஸ்பத்திரியில் தோல் சுத்தம் என்று சர்ட்டிபிகேட் வாங்கிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாய் 'கொல்லதக்கத்து'. கோமதி அந்தச் சொல்லைச் சின்னக் குரலில் படித்தாள். எனக்குக் கன்னடம் வராது என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தச் சொல்லை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

3

மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். தோலைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். சொறிப் பூச்சி எதுவும் இல்லையாம். ஆகாரத்தில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை, எது என்று கண்டுபிடிக்கத் தன்னிடம் கருவி இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அறுபது நாளில் தோல் ஆறியிருந்தால் கையெழுத்துப் போடுவதாகவும், புண்ணோடு வந்தால் போட முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்து ஜட்கா வண்டியில் ஏறியதும் கோமதி வாயைத் திறந்தாள். "அம்மா, நாச்சாயம்மாவைக் கேட்கலாம். அவர்களிடம் பதினாலு நாய் இருக்கிறது. ஒன்றாவது சொறிகிறதா?"

எனக்குச் சுருக்கென்றது. திட்டிவிட்டு வந்த வாசலில் மறுபடி போய் நிற்பது லேசான காரியமா? இரண்டு நாள் யோசித்தேன். கெஞ்சன் ராத்திரி முழுக்க முனகியது. மூன்றாம் நாள் காலையில் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, யோசனை கேட்கத்தான் போனேன். அந்த வீம்பு இன்னும் என்னிடம் இருந்தது.

நாச்சாயி கௌதள்ளிக்காரி. கோயமுத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலுகா. அதாவது அவளும் என்னைப்போல் பிரிட்டிஷ் எல்லையிலிருந்து மகாராஜாவின் சீமைக்குப் பிழைக்க வந்தவள்தான். அவள் கெஞ்சனை மல்லாக்கப் புரட்டி, காதுக்குள் முகர்ந்து, விரலிடுக்கை விரித்துப் பார்த்தாள். பழைய பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

"ஏனுங்கம்மா, பொறந்ததுலருந்து இது என்னென்ன தின்னுருக்குதுன்னு மொதல்ல சொல்லுங்க. இங்க தின்னதெல்லாம் எனக்குத் தெரியும். உங்கூட்டுல தின்னதச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல என்ன இருக்கு? சாதம், பருப்பு. சுத்த சைவம்" என்றேன்.

அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டாள். "ஆடு தின்னுருக்குது. கோழி, முட்டை தின்னுருக்குது. ராகிக்களி, அரிசி, பருப்பு எல்லாம் தின்னுருக்குது. இதுல எது ஆகலைன்னு நமக்குத் தெரியாது. அதனால இதெல்லாத்தையும் ஒருசேர நிறுத்திப்போடோணும். அதோட ஒடம்பு முன்னப்பின்ன கண்டேயிராத கறி ஒண்ணு, கண்டேயிராத தானியம் ஒண்ணு. அது ரெண்டு மட்டும். தோலு ஆறுற வரைக்கும் வேறெதும் வாயில படக்கூடாதுங்க."

"கறிதான் வேணுமா? கொள்ளு வேகவச்சுப் போட்டா?"

"லாயத்துல பொறந்த நாயிங்க. குதிரைக்கு வெச்ச கொள்ளத் திருடித் தின்னே வளந்துச்சு."

சரி, முயல்? "வேட்டைக்குப் போனாத்தானுங்க மொசலு. ரெண்டு மாசம் நித்தம் கெடைக்குமா? நடுவுல நின்னுபோச்சுன்னா பட்டபாடெல்லாம் வீணு." காடை, கவுதாரி? சந்தையில் விற்கிறார்களே? "அதெல்லாம் கோழிக்குச் சொந்தம், ஒரம்பரைங்கம்மா. கோழி ஆகலைன்னா அதுகளும் ஆகாமப் போயிரும்." செம்மறி? "அது வெள்ளாட்டுக்கு ஒரம்பரை." ஒவ்வொன்றையும் இப்படி எடுத்துப் பார்த்து எடுத்துப் பார்த்து ஒதுக்கினாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறபோது நாம் குலம் கோத்திரம் விசாரிப்போமே, அவ்வளவு விசாரணை. எழுத்து வாசனை இல்லாதவள். டாக்டர் கருவி இல்லை என்றாரே, அந்தக் கருவி இவள் தலைக்குள் இருந்தது.

கடைசியில் மிஞ்சியது மீன். முள் தொண்டையில் குத்தும் என்று பங்களா நாய்களுக்கு மீனே போடுவதில்லை. எங்கள் வீட்டைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். நஞ்சன்கூட்டிலிருந்து காலை ரெயிலில் ஒரு மீன்காரி கபினி ஆற்றுக் கெளுத்தி கொண்டுவருவாள். நாள் தவறாமல் கிடைக்கும், பொடிமுள்ளும் குறைவு. தானியத்துக்குச் சாமை. அதை அவள் கௌதள்ளியிலிருந்து வந்த மூட்டையில் அளந்து கொடுத்தாள்.

மீனைத் தன் அடுப்பில் தானே வேகவைத்து முள் எடுத்துத் தருவதாக ஏற்றாள். நான் வீட்டில் சாமை மட்டும் பொங்கிக் கொண்டுவர வேண்டும். புதுச் சட்டி ஒன்றும் கொடுத்தாள். "இந்தச் சட்டியில வேறெதும் படக்கூடாதுங்கம்மா. கரண்டிகூட வேறயா இருக்கோணும்."

எனக்கா சொல்ல வேண்டும்? ஊறுகாய் ஜாடிக்குத் தனிக் கரண்டி, உப்பு மரவையில் ஈரக்கை படக்கூடாது, விரத நாளுக்குத் தனிப் பாத்திரம் என்று வளர்ந்தவள் நான். இந்த ஒரு விஷயத்திலாவது அவள் மெச்சும்படி நடப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

4

காகிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. புண் இம்மிகூட ஆறவில்லை. சேவகன் ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கோமதி சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர், "நாச்சாயியை நம்பிக் காலம் போய்விட்டது" என்றார். நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் சாமைச் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அதுவரை கோமதிதான் கொண்டுபோவாள், அன்று அவளுக்குப் பரீட்சை. நாச்சாயி ஒரு கையில் மீனை உதிர்த்துக்கொண்டே சட்டி மூடியைத் திறந்தாள். ஆவி அடித்தது. அவள் கை நின்றது.

"இது எதுலீங்க வெந்துச்சு?"

"பாலிலதான். வறட்டுத் தண்ணியில வெந்த சாமையை அது எப்படித் தின்னும்? இறக்கும்போது ஒரு கரண்டி நெய்யும் விட்டேன்."

"இது ரெண்டு தவிர மாட்டுது ஆட்டுது எதும் வாயில படக்கூடாதுன்னு சொன்னனுங்களே."

"கறி எங்கே போட்டேன்? பாலும் நெய்யும் சைவந்தானே?"

நாச்சாயி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "ஏனுங்கம்மா, பாலென்ன செடியிலயா காய்க்குது?"

நானும் இத்தனை வருஷமாகப் பால் குடிக்கிறேன், என் அம்மா குடித்தாள், அவள் அம்மா குடித்தாள். அது மாட்டின் உடம்பிலிருந்து வருகிறது என்பது எங்களில் யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் சைவம் என்ற பானைக்குள் போட்டு மூடிவிட்ட ஒன்றை மறுபடி திறந்து பார்க்க எங்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவள் பிறந்ததிலிருந்து தின்றதைக் கேட்டபோதும் சாதம், பருப்பு என்றேன். பாலைச் சொல்லவே இல்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, அது என் கணக்கிலேயே வரவில்லை.

அவள் சட்டியை உடைத்துப் போட்டு வேறு சட்டி கொடுத்தாள். "இன்னும் முப்பத்தெட்டு நாளு இருக்குதுங்க. இன்னிக்குத்தான் மொத நாளுன்னு வெச்சுக்கலாம்." அதில் ஒரு குத்தல்கூட இல்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

5

அடுத்த வாரமே வேறு சங்கடம் வந்தது. பங்களா அதிகாரி குண்டலுபேட்டைக் காட்டுப் பக்கம் இரண்டு வாரம் வேட்டைக்குப் புறப்பட்டார். நாய்கள் போனால் நாச்சாயியும் அவள் புருஷனும் போகத்தான் வேண்டும். கிளம்பும்முன் என்னைக் கூப்பிட்டு அடுப்பைக் காட்டினாள். கெளுத்தியின் கன்னமுள் எங்கே இருக்கும், நடுமுள்ளை எப்படி வாலிலிருந்து உருவ வேண்டும், பிறகு சதையை விரலால் நசுக்கி நசுக்கி எப்படித் தேட வேண்டும் என்று ஒரு மீனை வைத்துச் செய்து காட்டினாள்.

"கண்ணுக்குத் தெரியாதுங்க. வெரலுதான் சொல்லும்."

"எனக்கு வராது நாச்சாயி. நான் இதைத் தொட்டதே இல்லை."

"தொட்டா வந்துருமுங்க" என்றுவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள்.

மீனை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வீட்டுச் சொந்தக்காரர்கள் லிங்கம் கட்டியவர்கள், எங்களைவிடக் கண்டிப்பு. ஆகவே பங்களாப் பின்கட்டில் அவள் அடுப்பிலேயே சமைத்தேன். முதல் நாள் வாசனை தாங்காமல் இரண்டு தடவை வெளியே ஓடினேன். மூக்கைப் புடவைத் தலைப்பால் கட்டிக்கொண்டு கையை விட்டபோது அழுகை வந்தது. கோமதி பக்கத்தில் நின்று, "அம்மா, நான் எடுக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு இந்தப் பாவம் வேண்டாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். கெஞ்சன் எதிரே உட்கார்ந்து, எலும்பும் தோலுமாக, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்து பாவ புண்ணியம் பேச எனக்கே வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் மூக்கைக் கட்டவில்லை. பத்தாம் நாள் பேசிக்கொண்டே முள் எடுத்தேன். அரிசியில் கல் பொறுக்கிய விரல்கள்தானே, பழகிக்கொண்டன. ஒருநாள் காலை கோமதி, "அம்மா! பா இல்லி!" என்று என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள். கெஞ்சனின் வயிற்றில் செம்பட்டையாய்ப் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் முளைத்திருந்தது. அன்றைக்கு நான் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கோலத்தை இரண்டு தடவை போட்டேன்.

6

ஐம்பத்தொன்பதாம் நாள் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் காது, வயிறு, விரலிடுக்கு என்று ஒன்று விடாமல் பார்த்தார். ஒரு புண் இல்லை. பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். என்ன ஆகாரம் கொடுத்தீர்கள், எழுத வேண்டும் என்றார்.

"மீன்" என்றார் என் வீட்டுக்காரர், யாருக்கும் கேட்காத குரலில்.

டாக்டருக்கு ஆச்சரியம். நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிற மனிதர் அல்லவா! "யாரு பேயிசித்து?" என்று கேட்டார். யார் வேகவைத்தது என்று அர்த்தம்.

"வேலைக்காரி" என்றார் இவர்.

பக்கத்தில் இவருடைய ஆபீஸ்காரர் ஒருவர், பாளையங்கோட்டைக்காரர், பசுமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இவர் அப்படிச் சொன்னதற்கு அதுதான் காரணம், எனக்குப் புரிந்தது. ஆனாலும் பொறுக்கவில்லை. அத்தனை நாள் நாறிய கை என்னுடையது. சொல்லிக்கொடுத்தவளும் வேலைக்காரி என்று ஒரே வார்த்தையில் பேரில்லாமல் போகிறவள் அல்ல.

"நானே" என்றேன். அதற்குமேல் கன்னடம் வரவில்லை. கோமதியைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "வேகவைத்தது நான். எதைக் கொடுக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடித்தது நாச்சாயி. அவள் பேரை எழுதச் சொல்."

கோமதி கன்னடத்தில் மடமடவென்று சொன்னாள். அவள் கன்னடத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். டாக்டர் சிரித்துக்கொண்டே அந்தப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாளையங்கோட்டைக்காரர் அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வந்தார். மதினி, மற்றது உங்களுக்கே தெரியும்.

7

வேட்டையிலிருந்து முன்னமே திரும்பியிருந்த நாச்சாயி கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தாள். இன்னும் வேலை முடியவில்லை என்றாள். "ஆறிப்போச்சு. எதனால ஆறுச்சுன்னு தெரிய வேண்டாமுங்களா? பழசையெல்லாம் ஒண்ணொண்ணாக் குடுத்துப் பாக்கோணும்."

முதலில் ஆட்டுக்கறி, இரண்டு வாரம். கெஞ்சன் ஒரு தடவைகூடச் சொறியவில்லை. பிறகு கோழி, முட்டை, ராகி, அரிசி, பருப்பு. ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக ஒரு கரண்டி பால். மறுநாள் சாயங்காலம் அது காதைச் சொறிந்தது. அதற்கு மறுநாள் வயிறு சிவந்துவிட்டது.

ஆக, அதைக் கொல்லப் பார்த்தது என் பால். கறியை நிறுத்தி, பாலைக் கூட்டி, பாசத்தோடு நெய்யை வேறு விட்டு, அந்தக் காகிதம் வரும்வரை கொண்டுவந்தவள் நான். நாச்சாயிக்கு இது முன்னமே புரிந்திருக்கும். அவளாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிவப்பு அடங்கிய பிறகு ஒருநாள் மத்தியானம் போனேன். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துப் போனேன். பத்துப் பேர் முன்னால் திட்டிவிட்டு, மன்னிப்பை மட்டும் வேலியோரம் தனியாகக் கேட்பது நியாயமாகப் படவில்லை. குதிரைக்காரர்களும் தோட்டக்காரரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாச்சாயி கெஞ்சனுக்குக் கறித்தட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாச்சாயி, உன் கறியால இல்ல. என் பாலாலதான். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. "அட, விடுங்கம்மா. உங்க பாலுமில்ல, எங்க கறியுமில்ல. அதோட தோலு அப்படி, அது என்ன பண்ணும்?" என்றாள். பிறகு சாப்பிடுகிறவர்கள் பக்கம் திரும்பி, "அம்மா எடுத்த மீன நான் வந்து தொட்டுப் பாத்தேன். ஒரு முள்ளு இல்லீங்க. என்னாலகூட அப்படி ஆவாது" என்றாள்.

அவள் எனக்கு எது கொடுத்தாலும் தரையில் வைப்பாள், அவள் நகர்ந்ததும் நான் எடுத்துக்கொள்வேன். சாமையும் அப்படித்தான், சட்டியும் அப்படித்தான். இருவருக்குமே அது பழக்கம், யாரும் யாரிடமும் சொல்லித் தெரிந்ததில்லை. அன்றைக்கும் அவள், "நீங்களே வைங்க" என்று கறித்தட்டைக் கீழே வைக்கக் குனிந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் குனிந்தபடியே ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தட்டை என் கையில் கொடுத்தாள். தட்டு நல்ல சூடு. கெஞ்சன் எங்கள் இருவர் காலையும் சுற்றிச் சுற்றி வந்தது.